காய்ந்த, சூடான இடத்தில் வைக்கவும்

மதியம் இரண்டு மணிக்குத்தான் என் மகன் தூங்குவான். இரண்டே காலுக்குக் கௌசல்யா போன் செய்வாள். போடியில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த கடையில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசுவேன்.

“அக்கா, ஒரு அண்ணே கிடார் கொண்டாந்திருக்காரு. கம்பி கட்டுற பிரிட்ஜு தூக்கிருச்சு. மதுரைல நெறையக் கேக்குறாகளாம். கம்மியாவும் முடியணுமாம், நல்லாவும் இருக்கணுமாம். என்ன சொல்ல?”

“எந்த ஊருன்னு கேளு.”

“சிலமலையாம்.”

“வீட்டுக்கு மேல தகரமா, ஓடா, காங்கிரீட்டான்னு கேளு.”

கிடாருக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அண்ணன் கேட்பது எனக்கும் கேட்கும். தகரக் கூரை என்றால் சித்திரையில் அந்த வீட்டுக்குள் பசை இளகும். அதற்குத் தகுந்த மாதிரி ஒட்ட வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தந்துவிடுங்கள் என்று போன மாதம் கௌசல்யா கேட்டாள். எழுத உட்கார்ந்தேன். ஒட்டும் முறை, கம்பி மாற்றும் முறை எல்லாம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களில் எல்லாம் இந்தக் கதைதான் வந்தது. இது அவளுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்று தெரியவில்லை. ஒரு வேளை வேறு யாருக்காவது பயன்படலாம்.

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் எனக்கு முறைப்படி விழா நடந்தது. எங்கள் கடை இசைக் கருவி, விளையாட்டுச் சாமான், பரிசுக் கோப்பை மூன்றும் விற்கும் கடை. முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். நான் பிரசவத்துக்காக வேலையிலிருந்து நின்ற அன்று பாய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ‘சிறந்த சேவைக்காக’ என்று தகடு ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது தகடு கழன்றது. பின்பக்கம் ‘கபடி, இரண்டாம் பரிசு’ என்று இருந்தது.

நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல். கடையில் சேர்ந்தது பில் போட. ரிப்பேர் என் வேலையானதற்குக் காரணம் என் கை. கிடாரின் நடு ஓட்டைக்குள் பாயின் கை மணிக்கட்டோடு நின்றுவிடும். என் கை, வளையலைக் கழற்றினால், முழங்கை வரை போகும். இதைத் தற்செயலாகப் பார்த்த பாய், மறு வாரமே என்னை மதுரையில் ஒரு ரிப்பேர்காரரிடம் பதினோரு நாள் அனுப்பினார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. ரிப்பேர் முடித்ததும் போனை வைத்துச் சுருதி சேர்த்து, ஆறு கம்பியையும் மேலிருந்து கீழாக ஒரு முறை மீட்டிவிட்டுக் கொடுத்துவிடுவேன். வாசித்துக் காட்டுங்கள் என்பார்கள். நீங்களே வாசிங்க என்பேன். அடக்கமான பெண் என்று பெயர் வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கிடார் கெட்டுப்போனால் வழிகள் மூன்று. மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டு போகலாம். செலவும் நாளும் ஆகும், பஸ்சில் போகும் வழியில் இன்னொரு ரிப்பேரும் சேரும். ரிப்பேர் செலவுக்குச் சற்று மேலே போட்டுப் புதிதாக ஒரு மட்டமான கிடார் வாங்கலாம். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அல்லது பீரோ, கட்டில் செய்கிற ஆசாரியிடம் கொடுக்கலாம். பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த கிடாரில் பிரிட்ஜ், அதாவது கம்பிகள் வந்து முடியும் அந்தக் கட்டை, நான்கு கதவுத் திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. வேலை சுத்தம். வீட்டுக் கதவு விழுந்தாலும் விழும், அது விழாது. சத்தம்தான் வரவில்லை. திருகாணிகளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, பசை போட்டு ஒட்டிக் கொடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, “சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்ன ஒரு தெம்பு இருந்துச்சு” என்றார். வீட்டுக்குப் போய் அந்தத் தெம்பைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன்.

பாய்க்கு ரிப்பேர் தெரியாது. ஆனால் எந்தக் கிடாரை ரிப்பேர் செய்யலாம் என்பது தெரியும். கிடாரை வாங்கியதும் நடு ஓட்டையில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒரு முறை இழுப்பார். அவர்கள் குடும்பம் முன்பு ஏலக்காய் கொள்முதல் செய்தவர்கள். மூக்குதான் சொத்து என்பார். “பரண்ல கெடந்திருக்கு. எலி இருக்கு” என்பார். கிடாருக்குச் சொந்தக்காரர் திகைத்து நிற்பார். பிறகு பாய் மூன்று கேள்வி கேட்பார்.

“யாரு வாசிக்கிறா? எங்க வைக்கிறீக? இது இல்லாமப் போனா அழுவீகளா?”

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் முடிவு. ஒரு முறை ஒரு கல்லூரிப் பையனிடம் இதைக் கேட்டார். கூட வந்தவன், “இவன் அழுக மாட்டான் பாய். இவங்கம்மா சிரிப்பாக” என்றான். பாய் அந்தக் கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிடாரை எடுத்துக்கொண்டால் அவர் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ரசீதில் எழுத வேண்டும். கீறல், வீக்கம், இல்லாத திருகு, எல்லாம். சரியாகிவிடும் என்று பாய் சொல்லவே மாட்டார். “பாப்போம்” என்பார். தப்பு நம்முடையது என்று கடைக்குள் சொல்லக் கூடாது என்பதும் அவர் விதி. “வீட்டுக்குப் போயி நெனைச்சுக்க. இங்க வச்சு நெனைக்காத” என்பார். வீட்டுக்குப் போய் நினைப்பதில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

ரசீதின் அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு உண்டு. அது என் யோசனை. மலையிலிருந்து வருகிறவர்களின் கிடாரெல்லாம் ஈரத்தில் ஊதியிருக்கும். ஒவ்வொருவருக்கும் அறிவுரை எழுதிக் கை வலித்ததால், ஸ்டாம்பு செய்யக் கொடுத்தேன். ‘மழை, பனி படாமல், காய்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் வைக்கவும்’ என்று எழுதிக் கொண்டுபோனேன். ஸ்டாம்புக்காரர் ஒரு வரியில் அடங்காது என்றார். எதைக் குறைக்கலாம் என்று நின்றுகொண்டே யோசித்தேன். ‘வெதுவெதுப்பான’ என்பதை அடித்துவிட்டு ‘சூடான’ என்று எழுதினேன். ஒரே வரியில் அழகாக அமைந்தது. மூன்று வருடம் ஊதா மையில் எல்லா ரசீதிலும் அடித்தேன்.

செல்வராணி முதலில் வந்தது ஆனி மழையில். போடியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிற பெண். நிற்கிற என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே உட்கார விட மாட்டார்கள். தங்கியிருந்த ஹாஸ்டலில் பாட்டுச் சத்தம் ஆகாது என்பதால் கிடார் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில், அப்பா முத்துச்சாமியிடம் இருந்தது. வார விடுமுறையில் மலைக்குப் போய் வாசித்துவிட்டு இறங்குவாள். அது நல்ல கிடார். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் வேலை மாறிப் போகும்போது பாதி விலைக்குக் கொடுத்தது. பாய் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும், “அழுக மாட்டேன் பாய். வேற வாங்க முடியாதுன்னு சும்மா இருப்பேன்” என்றாள். பாய் ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

கழுத்தை நிமிர்த்தி, கம்பி மாற்றிக் கொடுத்தேன். ஸ்டாம்பும் அடித்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், கம்பளியில் சுற்றிய கிடாரோடு முத்துச்சாமி ஜீப்பில் இறங்கினார். அப்போது எனக்கு ஏழாம் மாதம். எழுந்து நிற்பதற்குள் அவரே உள்ளே வந்துவிட்டார்.

“தாயி, இந்த ரசீது நீங்க குடுத்ததுதான?”

“ஆமாண்ணே.”

“அதுபடிதான் செஞ்சேன். இப்பிடி ஆயிருச்சு.”

கம்பளியைப் பிரித்தார். பிரிட்ஜ் பெயர்ந்து ஆறு கம்பிகளோடும் தனியாகத் தொங்கியது. மேல்பலகை சோற்றுத் தட்டு போல உள்வாங்கியிருந்தது. நடு ஓட்டையிலிருந்து அடிவரை ஒரு வெடிப்பு; நகம் நுழையும் அகலம்.

முத்துச்சாமி எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறவர். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்துச் சூடேற்றி உலர்த்துகிற மூடிய அறையைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். அங்கே உள்ளே போய் நின்றால் பத்து நிமிடத்தில் வேர்வையில் சட்டை நனைந்துவிடும்.

“மழை விடல தாயி. செவுரெல்லாம் ஊத்து. துணி காயல. காஞ்ச, சூடான எடம்னு போட்டிருந்தீக. எங்க எஸ்டேட்லயே காஞ்ச, சூடான எடம் அது ஒண்ணுதான். காலைல எட்டுக்கு வச்சேன், சாயந்தரம் ஆறுக்கு எடுத்தேன். சும்மா போட்டுட்டுப் போயிரல. காய்க்கு எப்பிடியோ அப்பிடி. ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிப் போட்டேன்.”

புகார் சொல்லும் குரல் இல்லை அது. மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன் என்று டாக்டரிடம் சொல்லும் குரல்.

பாய் வந்தார். கிடாரில் மூக்கை வைத்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

“மொதப் பறிப்புக் காயா?”

“ஆமா பாய்.”

“பச்சை நல்லா நின்னிருக்கும் போல.”

“கொஞ்சங்கூட வெளுக்கல.”

“நல்ல பதம்.”

“இருபது வருசமா இதே சோலிதான பாய்.”

இருவரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். பிறகு பாய் ரசீதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடிவரி வரை படித்தார்.

“ஸ்டாம்பு யாரு அடிச்சது?”

“நான்தான் பாய்.”

“நல்லா விழுந்திருக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

முத்துச்சாமி என்னைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார். “திங்கக்கெழமை இல்ல, அதுக்கடுத்த திங்க, தேனியில ஒரு பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. சொந்தக் கிடாரோட வரச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. ஜவுளிக்கடையில நின்னு நின்னு பிள்ளைக்குக் காலு வீங்குது தாயி. இது கெடச்சா உக்காந்து வேலை பாக்கலாம். ஆடித் தள்ளுபடின்னு நேத்து கடையில லீவு விடல, அவளுக்கு இன்னும் இது தெரியாது. தெரியாமலே சரி பண்ணிருங்க.”

ஒன்பது நாள் இருந்தது. மதுரைக்குப் போன் செய்தேன். ஒரு மாதம் என்றார்கள். சென்னையில் சொன்ன தொகை அந்தக் கிடார் வாங்கிய விலையில் பாதி, பார்சல் செலவு தனி. பாய் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு புதுக் கிடாரை எடுத்து, “இன்டர்வியூக்கு இதக் கொண்டு போகட்டும். முடிஞ்சதும் குடுங்க” என்றார். முத்துச்சாமி அதை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த வீட்டுப் பிள்ளையத் தூக்குன மாதிரி இருக்கு பாய். அவ விரலுக்கு அதுதான் பழக்கம்.”

“சுதாம்மா?” என்றார் பாய் என்னிடம்.

நான் “பாப்போம்” என்றேன். ஏழு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை அந்தச் சொல்லை நான் சொன்னேன். அது எவ்வளவு வசதியான சொல் என்று தெரிந்தது. பசைக்கும் கம்பிக்கும் மட்டும் காசு வாங்கிக்கொள்வதாகப் பாய் சொன்னார். அண்ணே, தப்பு அந்த ஸ்டாம்பில் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பாய் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். முத்துச்சாமி ஜீப் ஏறிப் போய்விட்டார்.

முதல் மூன்று நாள் நான் எதுவும் செய்யவில்லை. இது சோம்பல் இல்லை. காய்ந்து சுருங்கிய பலகையை அப்படியே ஒட்டினால், அடுத்த மழையில் பக்கத்தில் இன்னொரு வெடிப்பு விடும். அது இழந்த ஈரத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சை உள்ளே வைத்து, அதைக் கிடாருக்குள் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் மூடிவிட்டேன். மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். பார்ப்பதால் ஈரம் சீக்கிரம் ஏறாது என்று தெரியும்.

முத்துச்சாமி தினமும் போன் செய்தார்.

“என்ன தாயி பண்ணிக்கிட்டிருக்கீக?”

“நனைய வச்சிருக்கேண்ணே.”



“காய வைக்கச் சொன்னீக. இப்ப நனைய வைக்கிறீக.”

“ஆமாண்ணே.”

“சரி தாயி. உங்களுக்குத் தெரியும்” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் அன்று சாப்பிட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மாலை வெடிப்பு மூடியிருந்தது. நகம் நுழையவில்லை. புதன்கிழமை உள்ளே கை விட்டேன். மேல்பலகையின் அடியில் மெல்லிய மரப்பட்டிகள் ஒட்டியிருக்கும். பலகை கம்பிகளின் இழுப்பைத் தாங்குவது அவற்றால்தான். எது பெயர்ந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அந்த மாதம் விரல்கள் மரத்துப்போகும். ஏழாம் மாதத்தில் சிலருக்கு அப்படி ஆகுமாம். பட்டியைத் தொட்டேன். தொட்டது மரமா என் விரலா என்றே தெரியவில்லை.

கையை வெளியே எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேறு யாருக்காவது கை போகுமா என்று யோசித்தேன். போகிற கைக்கு வேலை தெரியாது. கடைசியில் என் கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே வைத்து, போன் வெளிச்சத்தை அடித்து, வெளியே விரல் கணுவால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டேன். ஒட்டிய இடம் ‘டொக்’ என்றது. பெயர்ந்த இடம் ‘டப்’ என்று சற்று அதிர்ந்தது. பாயையும் கேட்கச் சொன்னேன். அவர் எல்லா இடமும் ஒன்று போலத்தான் கேட்கிறது என்றார். நான் ஒவ்வொரு இடத்தையும் மூன்று தரம் தட்டினேன். இரண்டு பட்டிகள் பெயர்ந்திருந்தன. நம்பிக்கை இல்லாமல் நாலாவது தரமும் தட்டினேன். இரண்டுதான்.

பட்டிகளை ஒட்டி, உள்ளிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கான கருவி கடைகளில் விற்பதுண்டு, எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது பரிசுக் கோப்பைகள். ஒவ்வொரு கோப்பையின் தண்டுக்குள்ளும் நீளமான மரையாணி ஒன்று இருக்கும். மாவட்ட அளவிலான மூன்று கோப்பைகளைக் கழற்றினேன். ஆணியின் இரு முனையிலும் மரத்துண்டு, நடுவே நட்டு. நட்டைத் திருகினால் பட்டி மேலே அழுந்தியது. அந்த வாரம் கோப்பை வாங்க வந்த கைப்பந்துக் குழுவினரிடம் பாய், சாம்பியன்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

வெடிப்புக்கு உள்ளே மெல்லிய மரச்சில்லுகள் வைத்து ஒட்டினேன். வியாழக்கிழமை மாலை பிரிட்ஜை ஒட்டி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பூட்டி, கிளாம்ப் எட்டாத நடுப்பகுதியில் மரக்கட்டையும், சுருட்டிய துண்டும், அதன் மேல் குண்டு எறிதல் போட்டிக்கான இரும்புக் குண்டும் வைத்தேன். பெண்கள் பிரிவுக் குண்டு. ஆண்கள் பிரிவுக் குண்டு கனம் அதிகம்.

வெள்ளிக்கிழமை செல்வராணிக்கு வார விடுமுறை. மலைக்குப் போகும் முன் கடைக்கு வந்தாள்.

“அக்கா, ஒரு செட்டு கம்பி வேணும். இன்டர்வியூக்குப் புதுசா மாட்டிட்டுப் போகலாம்னு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

தன் கிடாரைத் தெரியாத ஆள் கிடையாது. அதன் மேல் இரும்புக் குண்டு இருந்தாலும் தெரியும்.

“இது ஏன் இங்க இருக்கு?”

பாய் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கடையில் நானும் அவளும்தான். விதியை எனக்கு ஞாபகப்படுத்த ஆள் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டாம்பு செய்யப் போனது, ஒரு வரியில் அடங்காதது, வார்த்தையை மாற்றியது, ஸ்டோர், இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டது. சொல்லும்போதே தேவைக்கு அதிகமாகச் சொல்கிறேனோ என்றும் தோன்றியது. நிறுத்த முடியவில்லை.

அவள் ரசீதுப் புத்தகத்தை இழுத்து ஸ்டாம்பைப் படித்தாள்.

“எங்கப்பாவுக்குன்னே எழுதுன மாதிரில்ல இருக்கு.”

“தப்பு எம் மேலதான். அவரத் திட்டாதீங்க.”

“திருப்பி வேற போட்டாராக்கும்?” அவளுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. வரவில்லை. குண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சாரமில்ல” என்றாள். மலையாளத்தில் பரவாயில்லை என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். பிறகு, “அக்கா, நான் ஆறு இன்டர்வியூ போயிட்டேன். எல்லாத்துலயும் சர்ட்டிபிகேட்டப் பாத்துட்டு அனுப்பிட்டாக. வாசிச்சுக் காட்டுன்னு சொன்னது இவுக மட்டுந்தான். திங்கக்கெழம இது தாங்குமா, தாங்காதா? ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

“தாங்கும்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறது வேணாம்க்கா.”

பாப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நின்ற விதத்தைப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தாள். நாள் முழுக்க நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

“பசை முழுசா இறுக இன்னும் ஒரு வாரம் வேணும். முழு இழுப்புல கம்பி கட்டுனா எனக்குப் பயம். ரெண்டு படி கொறைச்சுச் சுருதி வச்சா தாங்கும். கேப்போ போட்டு வாசிச்சுக்கலாம்ல?” என்றேன். கேப்போ என்பது கழுத்தில் மாட்டுகிற கவ்வி. கம்பியைத் தளர்த்தியே வைத்து, வேண்டிய சுருதியை அதனால் ஏற்றிக்கொள்ளலாம்.

அவள் காற்றிலேயே விரல்களை வைத்துப் பார்த்தாள். “ரெண்டாங் கட்டத்துல போட்டா சரியா வரும்” என்றாள். “நீங்களும் கூட வரணும். ஏதாவது ஆனா எனக்கு ஒட்டத் தெரியாது.”

திங்கட்கிழமை காலை பஸ்சில் தேனிக்குப் போனோம். என் கணவர், “கிடாருக்குத் துணையா நீ ஏன் போற? உனக்குத் துணையா யாரு போறா?” என்றார். நியாயமான கேள்விதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கிடாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். மடியில் இடமில்லை. கைப்பையில் பசையும் இரண்டு கிளாம்பும் இருந்தன. பாயின் புதுக் கிடாரையும் வற்புறுத்தி எடுத்துவரச் சொல்லியிருந்தேன். செல்வராணி அதை மேலே கம்பித் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எல்.கே.ஜி. அட்மிஷனா? பொறந்தப்புறம் வாங்கம்மா, அவசரமில்ல.”

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். செல்வராணி உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் கிடார் கேட்டது. அவள் நன்றாக வாசித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்கு அடியில் பசை விடும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது சுள்ளி முறிகிற மாதிரி இருக்கும். முதல் பாட்டு முடிந்தது. இன்னொன்று வாசிக்கச் சொன்னார்கள். அவளுக்கு அது நல்ல அறிகுறி. பிரிட்ஜுக்கு அப்படி இல்லை. அந்தப் பாட்டுக்கு அவள் கம்பிகளைப் படபடவென்று அடித்து வாசித்தாள். நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தவனும் உதைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவதாகப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். சுள்ளி முறியவில்லை.

வெளியே வந்தவள் முதலில் கிடாரை என்னிடம் கொடுத்தாள். பிரிட்ஜின் அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. அங்கேயே கம்பிகளைத் தளர்த்தினேன். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஒண்ணாந் தேதியிலருந்து வரச் சொல்லிட்டாக” என்றாள். “கிளாஸ்ரூம்ல எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்குக்கா. பாத்துட்டு வந்தேன்.”

போடி பஸ் ஸ்டாண்டில் முத்துச்சாமி நின்றிருந்தார். மகள் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டு கடைக்குள் சேராது என்பதால், நான் அவரிடம் அந்த ஸ்டாம்பைப் பற்றிச் சொன்னேன். தப்பு செய்தது நீங்கள் இல்லை, எழுதிய நான் என்றேன்.

“எழுத்துல என்ன தாயி தப்பு? எம்புட்டுச் சூடுன்னு நான்ல கேட்டிருக்கணும்” என்றார். “அது கெடக்கு. ஹாஸ்டல்ல இத விட மாட்டாக. ஒண்ணாந் தேதி வரைக்கும் மலையில எங்கிட்டதான் இருக்கும். இனிமே எங்க வைக்கணும்? வெவரமாச் சொல்லுங்க.”

சட்டைப் பையிலிருந்து அதே ரசீதை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஒரு வரி, இரண்டு வரி என்ற கணக்கு இல்லை. சூடு, ஈரம் என்ற வார்த்தைகளே இல்லாமல், யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாதபடி சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னேன்.

“உங்களால நாள் பூரா இருக்க முடியிற எடம் எதுவோ, அங்க வைங்கண்ணே. உங்க ஒடம்பு தாங்குற எடம் அதுக்கும் தாங்கும்.”

அவர் எழுதவில்லை. பேனா தாளின் மேலேயே நின்றது.

“நாள் பூரா நான் இருக்கிறது ஸ்டோர்லதான தாயி” என்றார்.

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அப்படியென்றால் அங்கேயே வைக்கலாமா என்று கேட்கும் குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு, எழுதிக்கொள்வதற்காக என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.